ஓடுகிற விளக்கைப் பாட வைப்போம்!

(இறுதியாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



நம்ம துறைக் கண்காட்சிக்கு எந்த வருஷம் வந்து பார்த்தாலும் ஒரு மேஜையில் கட்டாயம் இருக்கும் புராஜெக்ட் எது? கண்ணை மூடிக்கிட்டே சொல்லலாம். ஓடுகிற விளக்கு! ஒரு 555, ஒரு 4017, பத்து எல்.இ.டி. அவ்வளவுதான். வெளிச்சம் ஒன்றிலிருந்து பத்துக்கு ஓடும். மறுபடி ஒன்றுக்கு வரும். பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் "ஐ!" என்று வாயைப் பிளப்பார்கள். எக்ஸ்டர்னல் வந்து "ஒர்க்கிங் பிரின்சிபிள் சொல்லு" என்பார். நாமும் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்போம். அன்று சாயங்காலமே அந்த போர்டு அலமாரிக்குள் போய்விடும். அடுத்த வருஷம் அடுத்த பேட்ச், அதே போர்டு, புது பேட்டரி!

இந்தச் சர்க்யூட்டுக்கு நம்ம ஊரில் மரியாதை குறைவில்லை. கோயில் கொடைக்குப் பந்தல் முழுக்க ஓடுகிற சீரியல் செட், சீசன் நேரத்தில் குற்றாலத்துக் கடைவாசலில் மின்னும் போர்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்து ஆன் செய்வது. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. நாம் கட்டுவது பாதிச் சர்க்யூட் மட்டும்தான். மீதிப் பாதி இசை! அந்தப் பாதியை உலகம் 1960-களிலேயே கட்டிவிட்டது. அதன் பெயர் அனலாக் சீக்வென்சர்.

"இது என்னலே, பாட்டுக் கச்சேரி பேரு மாதிரி இருக்கு?" என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

சிந்தசைசர் என்றால் கீபோர்டு மட்டுமா?

கல்யாண மண்டபத்து ஆர்கெஸ்ட்ராவில் பார்க்கிறோமே கீபோர்டு, அதைத்தான் நாம் சிந்தசைசர் என்று நினைக்கிறோம். மாடுலர் சிந்தசைசர் அப்படி இல்லை. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனிப் பெட்டி. ஒலி உண்டாக்க ஆஸிலேட்டர், ஒலியைச் சீவ ஃபில்டர், கூட்டிக் குறைக்க ஆம்ப்ளிஃபயர். இவற்றை இணைப்பது வெறும் ஒயர்! எந்த ஒயரை எங்கே செருகுகிறோமோ அதுதான் அந்தக் கருவி. நாளைக்கு வேறு மாதிரிச் செருகினால் வேறு கருவி. நம்ம லேபில் பேட்ச் கார்டு செருகுவது போலத்தான்.

இதில் எல்லாப் பெட்டிக்கும் பொதுவான மொழி வோல்டேஜ். ஆஸிலேட்டருக்கு வோல்டேஜ் கூடினால் சுருதி ஏறும். ஃபில்டருக்குக் கூடினால் ஒலி பளிச்சென்று திறக்கும். அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-ல் தொடங்கி உருவாக்கிய கருவிகளில் 1 வோல்ட் என்றால் ஒரு ஸ்தாயி என்பது கணக்கு. அதைப் பன்னிரண்டாக வகுத்தால் கீபோர்டின் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையே சுமார் 83 மில்லிவோல்ட். அட, இது மல்டிமீட்டரில் அளக்கக்கூடிய சங்கீதம்!

அந்த வோல்டேஜை யார் கொடுப்பது? கீபோர்டில் விரல் கொடுக்கலாம். அல்லது நம்ம ஓடுகிற விளக்கு கொடுக்கலாம். மூக்கின் 960 என்ற சீக்வென்சரில் 8 ஸ்டெப், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் 3 வரிசை, ஆக மொத்தம் 24 குமிழ்கள். விளக்கு ஒவ்வொரு ஸ்டெப்பாக நகரும்போது அந்த ஸ்டெப்பின் குமிழ் எந்த வோல்டேஜில் திருகி வைக்கப்பட்டிருக்கிறதோ அது வெளியே வரும். அதை ஆஸிலேட்டருக்குக் கொடுத்தால் எட்டு சுரம் வரிசையாகப் பாடும். அதே காலத்தில் கலிபோர்னியாவில் டான் புக்லா என்பவரும் சீக்வென்சர் செய்தார். அவருடைய கருவியில் கறுப்பு வெள்ளைக் கட்டைகளே கிடையாது. அதை வைத்து மார்ட்டன் சுபோட்னிக் 1967-ல் ஒரு முழு இசைத்தட்டே வெளியிட்டார்.

நம் நாட்டில் இது புதுசா?

இல்லவே இல்லை. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1969-லேயே ஒரு மூக் மாடுலர் சிந்தசைசர் வந்து இறங்கிவிட்டது. டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் வந்து ஸ்டுடியோவை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்து டேப்பில் பதிவு செய்தார்கள். ஆனால் சில வருஷங்களிலேயே அந்த முயற்சி ஓய்ந்துவிட்டது. டேப்புகள் அலமாரியில் தூங்கின. பால் பர்காஸ் என்ற கலைஞர் அவற்றைத் தேடி எடுத்து, 1969 முதல் 1972 வரையிலான பதிவுகளை 2023-ல் வெளியிட்ட பிறகுதான் உலகம் கேட்டது. ஐம்பது வருஷம்!

எனக்கு இதில் ஒரு பாடம் தெரிகிறது. அந்தக் கருவி ஒரே ஓர் அறைக்குள் இருந்தது. அறைக் கதவு மூடியதும் வித்தையும் மூடிக்கொண்டது. அதே வித்தை ஊருக்கு ஊர் ரேடியோ மெக்கானிக் கடை வரைக்கும் போயிருந்தால் மூடியிருக்க முடியுமா?

இன்னொரு கதை. பம்பாயில் சினிமா இசைக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982-ல் ஓர் இசைத்தட்டு போட்டார். பத்து ராகங்கள், டிஸ்கோ தாளம்! அவர் கையில் இருந்தவை மூன்று ஜப்பான் கருவிகள்: ரோலண்ட் ஜூபிடர்-8, டிஆர்-808, டிபி-303. இதில் கடைசி இரண்டும் சீக்வென்சரோடு சேர்ந்தவை. ஸ்டெப்பை ஞாபகம் வைக்கும் பகுதி டிஜிட்டல், ஒலி எழுப்பும் பகுதி அனலாக். டிபி-303-ல் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும் வசதி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டார் மனிதர். ராகம் அதில் வழுக்கி ஓடியது. தட்டு விற்கவில்லை. 1987-ல் சிகாகோ இளைஞர்கள் அதே டிபி-303-ஐத் திருகி 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு புது இசையே உண்டாக்கினார்கள். 2010-ல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுபதிப்பு வந்தபோது, "இது அஞ்சு வருஷம் முந்தியே இந்தியாவுல வந்திருக்கே!" என்று உலகம் வாயில் விரல் வைத்தது. 2015-ல் அவர் காலமாவதற்குள் அந்தப் பெருமை அவரைத் தேடி வந்தது ஒரு ஆறுதல்.

இவ்வளவு ஏன்? பாட்டு வகுப்பில் சுருதிக்கு வைக்கிறார்களே எலக்ட்ரானிக் தம்பூரா, அது என்ன? பெங்களூருவில் ஜி.ராஜ்நாராயண் என்ற பொறியாளர் 1979-ல் கொண்டுவந்தது. ரேடல் என்ற நிறுவனம் அவருடையது. தம்பூராவில் பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்தி. ஒன்றன்பின் ஒன்றாக மீட்ட வேண்டும், முடிந்ததும் மறுபடி முதல் தந்தி. யோசித்துப் பாருங்கள்... இது நான்கு ஸ்டெப் சீக்வென்சர்தானே! நம் வீட்டுப் பூஜை அறை வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிற பொருளை நாம் அந்நியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மெஷின் வந்தால் மேளக்காரர் எங்கே போவார்?

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். எனக்கே எங்கள் வீட்டுக்குள் எழுந்த கேள்வி இது.

எங்க அப்பா நையாண்டி மேளத்தில் தவில். பங்குனி, சித்திரை, ஆடி என்றால் கொடைக்குக் கொடை ஓட்டம். மற்ற நாளில் பக்கத்து ஊர்க் கோயில் ஒன்றில் சாயங்காலப் பூசைக்கு வாசிப்பார். பெரிய சம்பளம் இல்லை. ஆனால் மாசம் பிறந்தால் நிச்சயமாக வரும் சம்பளம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் முதல் வருஷ பஸ் செலவும் நோட்டுச் செலவும் அந்தச் சாயங்காலப் பூசையில்தான் ஓடியது. ஒருநாள் அந்தக் கோயிலுக்கு மோட்டார் மேளம் வந்து சேர்ந்தது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுவரில் மாட்டிய ஒரு சட்டம், ஒரு மோட்டார், ரெண்டு குச்சி, ஒரு முரசு, நாலு மணி. ஸ்விட்சைப் போட்டால் டங் டங் என்று அடிக்கும். அதற்குப் படி இல்லை, சாப்பாடு இல்லை, பஸ் காசு இல்லை. அப்பாவுக்கும் அதன்பிறகு அங்கே வேலை இல்லை.

அப்பா கோபப்படவில்லை. ஒன்றுதான் சொன்னார். "ஏலே, அது தப்பில்லாமத்தான் அடிக்கு. ஆனா திரை விலகுறது அதுக்குத் தெரியல பாத்தியா?"

அந்த ஒரு வாக்கியத்தை இன்றுவரை என்னால் கடக்க முடியவில்லை. மோட்டார் மேளமும் ஒரு சீக்வென்சர்தான். சக்கரம் ஒரு சுற்று வந்தால் ஒரு சுற்று அடி. நம்ம 4017 செய்வதை அது இரும்பில் செய்கிறது. ஆனால் அதற்குக் காது கிடையாது. தீபம் உயர்கிறதா, சங்கு முழங்குகிறதா, கூட்டம் நெருங்குகிறதா எதுவும் தெரியாது. தெரிந்த மனிதரை வெளியே அனுப்பிவிட்டுத் தெரியாத மெஷினை உள்ளே மாட்டியிருக்கிறோம்!

அதற்காக மெஷினே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன் அப்படிச் சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சு. என் கட்சி இதுதான்: மனிதன் செய்வதை அப்படியே நகல் எடுக்கிற மெஷின், யாரோ ஒருவர் சோற்றில் கை வைக்கிறது. மனிதன் கையால் முடியாததைச் செய்கிற மெஷின் யார் சோற்றிலும் கை வைப்பதில்லை. புதுசாக ஒரு வேலையை, ஒரு கலையைக் கொண்டுவருகிறது. சீக்வென்சரைத் தவில் மாதிரி அடிக்க வைப்பது திறமையே இல்லை. தவிலால் முடியாததை அதனிடம் கேட்பதுதான் திறமை.

1977-ல் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' என்ற பாட்டை ஜார்ஜியோ மொரோடர் மூக் மாடுலரையும் சீக்வென்சரையும் வைத்து உருவாக்கினார். இன்றைய நடன இசைக்கெல்லாம் தாய் என்று அதைச் சொல்வார்கள். "முழுக்க மெஷின்" என்று பெயர் வாங்கிய அந்தப் பாட்டிலும் பெரிய டிரம்மின் அடியை கீத் ஃபோர்ஸி என்ற மனிதர்தான் காலால் மிதித்து வாசித்தார். அந்தக் கனமான அடி மெஷினில் சரியாக வரவில்லையாம்! மெஷினும் மனிதனும் ஒரே பாட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சரி, என்னதான் செய்யலாம்?

வெறும் பேச்சு வேண்டாம். நம் கையில் கிடைக்கும் சாமான்களை வைத்தே சொல்கிறேன். சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

முதலில் அடிப்படை. 9 வோல்ட் சப்ளை. 555-ஐ ஆஸ்டேபிளாகக் கட்டுங்கள். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 கிலோ ஓம் பாட், 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். மிக மெதுவான வேகம் வினாடிக்குச் சுமார் 0.7 ஸ்டெப். பாட்டைக் குறைக்கக் குறைக்க வேகம் கூடும். அந்த வெளியீடு 4017-ன் 14-வது பின்னுக்குப் போகட்டும். இதுவரை நாம் எல்லோரும் செய்ததுதான். இனிமேல்தான் விஷயம். ஒவ்வொரு அவுட்புட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் பாட். அதன் நடுக்காலிலிருந்து ஒரு 1என்4148 டையோடு. எல்லா டையோடின் மறுமுனையும் ஒரே ஒயரில் சேரட்டும். அந்த ஒயரிலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோ ஓம். அவ்வளவுதான், சீக்வென்சர் தயார்! டையோடு எதற்கு? ஆன் ஆகாத ஒன்பது பாட்டும் சேர்ந்து ஆன் ஆன ஒன்றின் வோல்டேஜைக் கீழே இழுத்துவிடாமல் இருக்க.

இதைப் பாட வைக்க 4046 போதும். பி.எல்.எல். பாடத்தில் வரும் அதே ஐ.சி. தான். அதில் உள்ள வி.சி.ஓ. மட்டும் நமக்கு வேண்டும். நம் ஒயர் 9-வது பின்னுக்கு, ஒலி 4-வது பின்னிலிருந்து. 6, 7 பின்களுக்கு நடுவே 0.01 மைக்ரோஃபாரட், 11-வது பின்னில் 100 கிலோ ஓம், 5-வது பின் கிரவுண்டில் என்று தொடங்கலாம். பின்னால் ஒரு எல்.எம்.386, ஒரு ஸ்பீக்கர். 4046-க்கு 1 வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற கணக்கு பொருந்தாது. அதனால் பாட்டைத் திருகிக் காதால்தான் சுருதி சேர்க்க வேண்டும். இதை நான் குறையாக நினைக்கவில்லை. எந்த மேளக்காரரும் வாரை இழுத்துக் காதால்தான் சேர்க்கிறார்!

இனி, தவிலாலும் கீபோர்டாலும் முடியாத வேலைகளைப் பார்ப்போம்.

ஒன்று: கட்டைகளுக்கு நடுவில் பாடுவது. கீபோர்டில் காந்தாரம் இருக்கும் இடத்தில்தான் இருக்கும். மூக் கணக்குப்படி அந்தர காந்தாரத்துக்குக் கீபோர்டு 0.333 வோல்ட் கொடுக்கிறது. தம்பூரா நாதத்தில் தானாகக் கேட்கும் 5-க்கு 4 என்ற சுத்தமான காந்தாரத்துக்கு 0.322 வோல்ட்தான் வேண்டும். 11 மில்லிவோல்ட் வித்தியாசம். சின்னதுதான், ஆனால் காதுக்குத் தெரியும். குமிழுக்குக் கட்டை கிடையாது. நம் சங்கீதத்துக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். அந்த விதத்தில் அனலாக் சீக்வென்சர் கீபோர்டைவிட நமக்குச் சொந்தக்காரன்.

இரண்டு: வழுக்குவது. 4046-ன் 9-வது பின்னுக்கு முன்னால் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போடுங்கள். முதல் வருஷத்தில் படித்த ஆர்.சி. டைம் கான்ஸ்டன்ட், 0.1 வினாடி. சுரம் குதிக்காமல் வழுக்கிப் போகும். இறங்கும்போது கெப்பாசிட்டர் கூடுதலாக அந்த இன்னொரு 100 கிலோ ஓம் வழியாகவும் டிஸ்சார்ஜ் ஆகவேண்டும் என்பதால் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். ஏறுவதற்கு ஒரு குணம், இறங்குவதற்கு ஒரு குணம்! இதுவே முழு கமகம் என்று நான் சொல்ல மாட்டேன். இது ஜாரு மட்டும்தான். அசைவுக்கு இன்னொரு மெதுவான ஆஸிலேட்டரைச் சேர்க்க வேண்டும்.

மூன்று: கணக்கு. 4017-ல் 6-வது பின்னை 15-வது பின்னான ரீசெட்டுக்குக் கொடுத்தால் ஏழு ஸ்டெப்பில் திரும்பும். அது மிஸ்ர சாப்பு. 1-வது பின்னைக் கொடுத்தால் ஐந்து ஸ்டெப், கண்ட சாப்பு. ஒரே 555-க்கு இரண்டு 4017 வைத்து, ஒன்றை ஏழிலும் ஒன்றை ஐந்திலும் ஓட விடுங்கள். இரண்டும் மறுபடி ஒன்றாகச் சேர 35 ஸ்டெப் ஆகும். எட்டு ஸ்டெப்பில் மூன்றாவதையும் சேர்த்தால் 280 ஸ்டெப். வினாடிக்கு இரண்டு ஸ்டெப் வேகத்தில் 2 நிமிஷம் 20 வினாடிக்கு ஒரே மாதிரி திரும்பி வராது! மொத்தம் இருபது குமிழில் இவ்வளவு பெரிய கோர்வை. "மெஷின் ஒரே தேஞ்ச ரிக்கார்டு" என்று சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

நான்கு: சுரத்தை விட்டுவிடுவது. சீக்வென்சர் என்றால் சுரம்தான் பாட வேண்டும் என்று சட்டமா? மூக் 960-ல் மூன்றாவது வரிசையைக் கடிகாரத்துக்கே திருப்பிவிட ஒரு ஸ்விட்ச் உண்டு. ஒவ்வொரு ஸ்டெப்பும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அந்த வரிசைக் குமிழ் முடிவு செய்யும். விளக்கு சில இடத்தில் நின்று நிதானித்து, சில இடத்தில் தாவி ஓடும். நாம் 555-ன் 5-வது பின்னுக்கு இன்னொரு வரிசையைக் கொடுத்து இதே வேலையைச் செய்து பார்க்கலாம். அங்கே வோல்டேஜ் கூடினால் வேகம் குறையும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

ஐந்து: ஓடவே விடாமல் பறக்க விடுவது. கெப்பாசிட்டரைச் சின்னதாக மாற்றிக் கடிகாரத்தை வினாடிக்கு 2000 ஸ்டெப் வேகத்துக்குக் கொண்டு போங்கள். எட்டு ஸ்டெப் சீக்வென்சர் இப்போது வினாடிக்கு 250 முறை சுற்றும். 250 ஹெர்ட்ஸ். அது காதுக்கு ஒரு சுரம்! சுரங்களை வரிசைப்படுத்திய கருவியே இப்போது சுரமாகிவிட்டது. எட்டுக் குமிழும் அந்த ஒலி அலையின் வடிவம். ஆஸிலாஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் நாம் திருகுகிற படிக்கட்டு அப்படியே திரையில் நிற்கும். வேவ்ஃபார்ம் என்றால் என்ன என்று இதைவிட நன்றாக எந்தப் புத்தகம் சொல்லித் தரும்?

ஆறு: நம்ம ஊரையே உள்ளே விடுவது. பாட் இருக்கும் இடத்தில் எல்.டி.ஆர். வைத்தால் வெளிச்சமும் நிழலும் குமிழைத் திருகும். ஐந்தருவியில் ஒரே தண்ணீர் ஐந்தாகப் பிரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறோம். அந்த இரைச்சலைக் கவனித்துக் கேட்டிருக்கிறோமா? எல்லா அதிர்வெண்ணும் கலந்த அந்த ஓசைதான், சிந்தசைசர்க்காரர்கள் தனியாக ஒரு சர்க்யூட் கட்டி உண்டாக்குகிற நாய்ஸ். அருவிச் சத்தத்தைப் பதிவு செய்துவந்து ஐந்து ஸ்டெப்பில் திறந்து மூடினால் கண்ட நடையில் அருவியே தாளம் போடும். ஜெர்மனிக்காரருக்கோ அமெரிக்காக்காரருக்கோ இந்த நாய்ஸ் ஜெனரேட்டர் கிடைக்குமா?

தவில் நடத்தட்டும், மெஷின் நடக்கட்டும்

ஏழாவதை நான் தனியாகச் சொல்கிறேன். என் முழுக் கட்டுரையும் இதற்காகத்தான்.

இதுவரை கடிகாரம் 555 கையில் இருந்தது. அதைப் பிடுங்கி மேளக்காரர் கையில் கொடுத்துவிடலாம். தவிலின் வளையத்தில் ஒரு பீசோ தகடு ஒட்டுங்கள். அடி விழுந்தால் அதில் ஒரு சின்ன வோல்டேஜ் எழும். எல்.எம்.358-ஐ கம்பேரேட்டராக வைத்து அதைப் பிடியுங்கள். ஒரே அடியின் அதிர்வு நாலைந்து அடியாக எண்ணப்படாமல் இருக்க ஒரு 555-ஐ மோனோஸ்டேபிளாகப் போடுங்கள். 47 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 50 மில்லிசெகண்டு. அதன் வெளியீடு 4017-ன் 14-வது பின்னுக்கு.

இப்போது என்ன ஆகும்? ஒரு அடி, ஒரு ஸ்டெப். மேளக்காரர் அடித்தால்தான் மெஷின் நகரும். நிறுத்தினால் நிற்கும். துரிதமாகப் போனால் துரிதமாக வரும். தீபாராதனைக்குத் திரை விலகுகிறதா? மேளக்காரருக்குத் தெரியும். ஆகவே மெஷினுக்கும் தெரியும்! அதோடு ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரம், ஒரு விளக்கு கூடவே வரும். தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது பந்தல் விளக்கே அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் எப்படி இருக்கும்! பந்தலில் ஓடுகிற சீரியல் செட்டு மேளத்தைக் கவனிக்காமல் தன் போக்கில் ஓடிக்கொண்டிருப்பதை எத்தனை கொடையில் பார்த்திருக்கிறோம்? ரெண்டையும் ஒரே ஒயரில் கட்டுவது நம் கையில்தானே இருக்கிறது?

மோட்டார் மேளத்தில் மனிதன் தேவையில்லை. இந்தச் சர்க்யூட்டில் மனிதன் இல்லாவிட்டால் ஒரு விளக்குகூட எரிந்து நகராது. ரெண்டும் எலக்ட்ரிக்தான். வித்தியாசம் ஒயரை எங்கே செருகுகிறோம் என்பதில் இருக்கிறது. அதை முடிவு செய்பவன் டெக்னீசியன். அதாவது, நாளைக்கு நாம்!

"இதெல்லாம் செல்போன்லயே இருக்கே?"

இருக்கிறது. மறுக்கவில்லை. இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் செல்போனைத் திறந்து உள்ளே எந்த வோல்டேஜ் எந்தச் சுரமாக மாறுகிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க முடியுமா? பிரெட்போர்டில் ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால். டையோடு எதற்கு, கெப்பாசிட்டர் எதற்கு, ரீசெட் எதற்கு என்று காதே சொல்லிக் கொடுக்கும். ஆர்.சி. டைம் கான்ஸ்டன்ட்டை நான் மூன்று தடவை மனப்பாடம் செய்து மூன்று தடவையும் மறந்தேன். சுரம் வழுக்கியதைக் கேட்ட பிறகு மறக்கவே இல்லை.

"வேலைக்கு உதவுமா?" என்றும் கேட்பார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மைப் போன்றவர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்விதான் அது. வீட்டில் நம்மை நம்பி நாலு பேர் இருக்கிறார்கள். டைமர், கவுண்டர், கம்பேரேட்டர், சென்சார், டிபவுன்ஸ் இவை ஐந்தும் சேர்ந்ததுதான் மேலே சொன்ன தவில் சர்க்யூட். தொழிற்சாலையில் கன்வேயரில் போகும் பாட்டிலை எண்ணுவதும் இதே ஐந்துதான். காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கிய புராஜெக்டை வைத்துக்கொண்டு இன்டர்வியூவில் விழிப்பதைவிட, "எங்க அப்பா தவிலுக்கு நானே கட்டினேன்" என்று சொல்லி நிமிர்ந்து உட்காருவது மேல் இல்லையா?

ஆகவே தோழர்களே, என் வேண்டுகோள் மூன்று.

அடுத்த கண்காட்சியில் ஓடுகிற விளக்கு இருக்கட்டும். ஆனால் ஊமையாக இருக்க வேண்டாம். கட்டுகிறவர்கள் டையோடும் பாட்டும் சேர்த்துக் கட்டுங்கள்.

கட்டியதை அலமாரியில் பூட்ட வேண்டாம். அகமதாபாத் டேப்புக்கு நேர்ந்தது நம் போர்டுக்கு நேரக் கூடாது. சர்க்யூட்டைச் சார்ட்டில் வரைந்து துறை வாசலில் ஒட்டுவோம். ஜூனியர்களுக்குக் கைப்படச் சொல்லிக் கொடுப்போம்.

கண்காட்சிக்கு யார் யாரையோ சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுகிறோம். ஒரு தடவை நம்ம பகுதி நையாண்டி மேளக் குழு ஒன்றைக் கூப்பிடுவோம். பத்து நிமிஷத்துக்கு அல்ல, ஒரு முழுச் சாயங்காலத்துக்கு, பேசிய சம்பளம் கொடுத்து. அவர்கள் வாசிக்கட்டும். நம்ம போர்டு அவர்கள் அடிக்கு அடி பின்னால் நடக்கட்டும். எது நன்றாக இருக்கிறது, எது தாளம் தப்புகிறது என்று அவர்கள் வாயாலேயே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வோம். எக்ஸ்டர்னல் போடும் மார்க்கைவிட அந்த மார்க்கு பெரிசு.

மெஷின் செய்வது சுலபம். யாருக்காகச் செய்கிறோம் என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். அதை இந்த வயசிலேயே முடிவு செய்துகொள்வோம்.

சிந்திப்போம்! சால்டரிங் அயர்னைச் சூடேற்றுவோம்!